முயற்குட்டிக்குப் பணிவிடை: ஒரு பாடம்

சென்ற பௌர்ணமிக் கூட்டம் முடிந்து பால்சோறு வழங்கிக்கொண்டிருந்த வேளையில், முலுண்ட் மேற்கே மலையடிவாரத்தில் வசிக்கும் உபாசிகை ஒருவர் என்னிடம் வந்து ஒரு சந்தேகம் கேட்டார். "அண்ணாச்சி, புல் அறுக்கிற இடத்திலிருந்து என் பிள்ளைகள் காட்டு முயற்குட்டி ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்கள். பக்கத்தில் தாயைக் காணோமாம். எங்கள் வீட்டு முயலும் குட்டி போட்டு நான்கு நாள் ஆகிறது. இதையும் அந்தக் குட்டிகளோடு சேர்த்துவிட்டால் பால் கொடுத்துவிடாதா? அநாதைக்கு ஒரு தாய் கிடைத்த புண்ணியமும் ஆகுமே" என்றார்.

"அம்மா, பால்சோற்றைப் பிறகு உண்ணலாம். உடனே வீட்டிற்குச் சென்று, பொழுது சாயுமுன்னே அக்குட்டியை எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டு வாருங்கள்" என்றேன். அவர் முகம் வாடிற்று. கருணையைப் போதிக்கின்றவன் இத்துணைக் கடுமையாகச் சொல்லலாமா என்று அவர் எண்ணியிருக்கக் கூடும். நின்று விளக்க அவகாசமில்லை. ஆதலால் அன்று சொல்லாமல் விட்டதை இன்று எழுதுகின்றேன். நம் பிள்ளைகளுள் பலர் மலையோரத்தில் விளையாடுகின்றவர்கள் ஆகையால், இது ஒரு வீட்டுக்கு மட்டும் உரிய விஷயமன்று.

முதலில் ஒன்றைத் தெளிந்துகொள்ள வேண்டும். நாம் தமிழில் இரண்டையும் முயல் என்றே அழைக்கின்றோம். ஆனால் கூண்டில் வளரும் வெள்ளை முயல் ஐரோப்பாவின் வளைமுயல் வழிவந்தது. நம் மலையில் ஓடுவது இந்தியக் காட்டு முயல். இவை குதிரையும் கழுதையும் போன்ற உறவுடையனகூட அல்ல. குதிரையும் கழுதையும் கூடினால் கோவேறு கழுதையாவது பிறக்கும். இவை இரண்டும் கூடி ஒரு குட்டியும் பிறப்பதில்லை. உயிரணுவிலுள்ள நிறப்புரிகளின் எண்ணிக்கையே வேறு: காட்டு முயலுக்கு 48, வீட்டு முயலுக்கு 44.

பிறப்பிலேயே வேற்றுமை தொடங்குகின்றது. வீட்டு முயல் 31 நாள் அளவில் ஈனும். குட்டிகள் மயிரின்றி, கண் திறவாமல், ஒவ்வொன்றும் ஏறத்தாழ 50 கிராம் எடையுள்ள செந்நிறச் சதைத் துண்டுகளாய்ப் பிறக்கும். தாய் தன் வயிற்று மயிரைத் தானே பறித்துக் கூடமைத்து அவற்றை அதனுள் மூடி வைக்கும். கண் திறக்கப் பத்து நாள் செல்லும். காட்டு முயலோ நாற்பது நாளுக்கு மேற் சுமந்து, ஒன்று முதல் நான்கு வரையான குட்டிகளை வெளியிற் புல்லின் நடுவே ஈனும். அதற்குக் கூடுமில்லை, வளையுமில்லை; உடம்பு பதிந்த சிறு பள்ளந்தான் வீடு. அக்குட்டி மயிரோடும் திறந்த கண்ணோடும் பிறந்து, சிறிது நேரத்திலேயே நகரவும் வல்லதாகின்றது. ஆகவே கண் விழித்துப் பார்க்கும் சிறு காட்டு முயற்குட்டி, பல நாள் வளர்ந்து தாயைத் தொலைத்தது என்று நாம் எண்ணுவது பிழை. அது நேற்றுப் பிறந்ததாகவும் இருக்கலாம்.

தாய் ஏன் அருகில் இல்லை? இங்கேதான் நம்மவர் பெரும்பாலோர் ஏமாறுகின்றனர். கோழியும் நாயும் பூனையும் குட்டியோடு கிடப்பதைக் கண்டு பழகிய கண் நமது. காட்டு முயல் அவ்வாறு கிடப்பதில்லை. பகல் முழுவதும் குட்டியைப் புல்லில் விட்டு விலகியே நிற்கும். பொழுது சாய்ந்த பின்னர் வந்து சில நிமிடம் பால் கொடுத்துவிட்டு மறுபடியும் போய்விடும். நாளொன்றுக்குப் பெரும்பாலும் ஒரே முறைதான். குட்டியின் உடம்பில் வாடை மிகக் குறைவு. தாயின் உடம்பிலோ வாடை உண்டு. சிறுத்தையும் காட்டுப்பூனையும் கீரியும் தெருநாயும் திரிகின்ற இம்மலையில், தாய் அருகில் இருப்பதே குட்டிக்கு ஆபத்து. விட்டு நீங்குதலே அதன் காவல். அதனை நாம் கைவிட்டது என்று பெயரிட்டு, பிள்ளையைத் திருடிக்கொண்டு வருகின்றோம். திருட்டு என்ற சொல் சிலருக்குச் சுடும். வேறு சொல் எனக்குக் கிடைக்கவில்லை.

மனிதர் தொட்ட வாடை பட்டால் தாய் ஏற்காது என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. அதை நம்பித் திரும்பக் கொண்டுபோகாமல் இருந்துவிடாதீர்கள். ஒரு முறை எடுத்த குட்டியை அன்றே அவ்விடத்தில் வைத்தால் தாய் வந்து பாலூட்டுவதே வழக்கம். அமெரிக்காவில் தோட்டத்துப் புல்வெளியிற் கூடமைக்கும் வேறொரு வகை முயல் உண்டு. அங்குள்ளோர் அக்கூட்டின் மேல் நூலைக் குறுக்கும் நெடுக்குமாக இட்டு வைத்து, மறுநாள் காலையில் நூல் கலைந்திருந்தால் தாய் வந்து போயிற்று என்று அறிவார்கள். நம் முயலுக்குக் கூடில்லாமையால் அவ்வழி பயன்படாது. தூரத்தில் நின்று அந்தியில் பார்ப்பதும், மறுநாள் குட்டி வாடாமல் இருக்கின்றதா என்று ஒரு முறை நோக்குவதுமே போதும்.

இவையெல்லாம் எனக்குப் புத்தகத்தில் முதலில் தெரிந்தவையல்ல. நான் செய்த பிழையினால் தெரிந்தவை. அதையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகின்றேன்.

ஆலை மூடப்பட்டுச் சில ஆண்டுகள் சென்ற பின், என் மனையாள் வீட்டின் பின்புறம் ஒரு மரப்பெட்டியில் வெள்ளை முயல் வளர்த்துவந்தாள். அது ஆறு குட்டி ஈன்று மூன்று நாள் ஆகியிருந்தது. கார்த்திகை மாதம், மலைச்சரிவில் புல் அறுப்பு நடந்துகொண்டிருந்தது. அண்டை வீட்டுச் சிறுவன், "பெரியப்பா, அம்மா இல்லாத குட்டி" என்று சொல்லி இரண்டு காட்டு முயற்குட்டிகளைச் சட்டைக்குள் வைத்துக் கொண்டுவந்தான். எனக்கு உடனே ஆபுத்திரன் நினைவு வந்தது. மணிமேகலையில் வருகின்ற அக்கதையை நீங்கள் கேட்டிருக்கின்றீர்கள். ஈன்றவளால் தோட்டத்தில் விடப்பட்ட குழந்தைக்குப் பசு ஒன்று வந்து, நாவால் நக்கி, ஏழு நாள் பால் சொரிந்து காத்தது. ஆவின் புதல்வன் என்ற பெயரும் அதனால் வந்தது. 'பசு மனிதக் குழந்தைக்குத் தாயாகலாமெனில், முயல் முயலுக்குத் தாயாகக் கூடாதா?' என்று மனையாளிடம் ஒரு சிறு பிரசங்கமே செய்துவிட்டு, இரு குட்டிகளையும் கூட்டினுள் வைத்தேன்.

அவள், "வேண்டாங்க, பெட்டிக்குள்ளே கை விட்டாலே அது காலைத் தட்டுது" என்றாள். நான் கேட்கவில்லை.

அன்றிரவு பெட்டியில் ஓசை கேட்டது. காலையில் திறந்து பார்த்தால், காட்டுக்குட்டிகளுள் ஒன்றன் காதும் விலாவும் கடியுண்டு கிழிந்திருந்தன. தாய்முயல் கலவரப்பட்டுக் கூட்டைக் கலைத்திருந்தது. அதன் சொந்தக் குட்டிகள் இரண்டு, கூட்டுக்கு வெளியே தகரத்தின்மேற் கிடந்தன. பூனை தன் குட்டியைக் கவ்வி எடுத்துச் செல்வதுபோல் முயல் செய்வதில்லை. வெளியே விழுந்த குட்டியை அது மீண்டும் உள்ளே கொண்டுவராது. ஒன்று விறைத்து இறந்திருந்தது. மற்றொன்றை மனையாள் தன் மார்போடு அணைத்து வெப்பமேற்றிப் பிழைக்க வைத்தாள். கடியுண்ட காட்டுக்குட்டி அன்று மாலை இறந்தது.

ஆபுத்திரன் கதையை நான் படித்திருந்தேனே ஒழிய, அதில் ஒன்றைக் கவனிக்கவில்லை. அங்கே பசு தானாக வந்தது. யாரும் குழந்தையைக் கொண்டுபோய்த் தொழுவத்தில் இடவில்லை. நான் அத்தாய்முயலை ஒரு வார்த்தை கேட்டேனா?

எஞ்சிய காட்டுக்குட்டிக்கு நானே தாயாக முற்பட்டேன். பசும்பாலைச் சுடவைத்து, கைக்குழந்தையைப்போல் மல்லாத்திப் பிடித்து, மருந்துச் சொட்டுக் குழாயினால் வாயில் விட்டேன். அது குடிக்கக் குடிக்க மகிழ்ச்சி கொண்டு மேலும் விட்டேன். மறுநாள் அதற்குக் கழிச்சல் கண்டது. மூக்கின் வழியே பால் நுரைத்தது. மூன்றாம் நாள் கால்நடை மருத்துவர் ஒருவரிடம் எடுத்துச் சென்றேன். அவர் என்னைக் கடிந்துகொள்ளவில்லை. "பெரியவரே, நீங்கள் செய்த ஐந்து காரியமும் ஐந்து தவறு" என்று மட்டும் சொல்லி, ஒவ்வொன்றாக விளக்கினார். அவர் விளக்கியதையும் பின்னர் நான் படித்து அறிந்ததையும் சேர்த்து எழுதுகின்றேன்.

குளிர்ந்த குட்டிக்கு ஒருபோதும் பால் கொடுத்தலாகாது. குளிர்ந்த வயிறு செரிக்காது. முதலில் வெந்நீர் நிரப்பிய போத்தலைத் துணியிற் சுற்றிப் பக்கத்தில் வைத்து, குட்டி விரும்பினால் விலகிக்கொள்ளவும் இடம் விட்டு, உடம்பு சூடேறிய பின்னரே ஆகாரம். கொடுக்கும்போது நான்கு காலும் தரையில் இருக்க, தலை சற்று நிமிர்ந்த நிலையில், ஊசியில்லாத சிரிஞ்சினால் துளித்துளியாக, அது நக்கிக் குடிக்கும் வேகத்திற்கு மேற்படாமல் கொடுக்க வேண்டும். மல்லாத்தினால் பால் நுரையீரலிற் புகும், அதன்பின் மருந்தில்லை. மிகுதியாகக் கொடுத்தாலும் வயிறு ஊதிச் சாகும். பசியால் இறக்கும் குட்டிகளைவிட அன்பு மிகுந்தோர் கையில் வயிறு வெடித்து இறக்கும் குட்டிகள் குறைந்தவை அல்ல என்றார் அம்மருத்துவர்.

பசும்பால் ஏன் ஆகாது? முயற்பாலில் நூற்றுக்குப் பத்துப் பங்குக்கு மேல் கொழுப்பும், ஏறத்தாழ அதே அளவு புரதமும் உண்டு. பசும்பாலில் கொழுப்பு 4, புரதம் 3க்குச் சற்று மேல். ஆனால் பாற்சர்க்கரை மட்டும் பசும்பாலில் இருமடங்குக்கும் மேல். ஒரு நாளைக்கு ஒரு முறை குடித்து இருபத்துநான்கு மணி நேரம் தாங்குவதற்கென்று அமைந்த பால் முயற்பால். பசும்பால் அதற்குத் தண்ணீரும் சர்க்கரையுமேயாகும். வேறு வழியே இல்லாதபோது, பயின்றவர்கள் வெள்ளாட்டுப் பாலையோ, பூனைக்குட்டிகளுக்கென விற்கும் பால்மாவையோ பயன்படுத்துகின்றனர். அதுவும் தாய்ப்பாலுக்கு ஈடன்று.

பால் குடித்தபின் தாய் நக்கிக் கொடுத்தால்தான் இளங்குட்டி சிறுநீர் கழிக்கும். நாம் வெதுவெதுப்பான நீரில் நனைத்த மெல்லிய துணியால் அடிவயிற்றை மெல்லத் துடைத்துவிட வேண்டும். இது அருவருப்பான வேலை என்று எண்ணுபவர் குட்டி வளர்க்க முன்வரலாகாது.

பஞ்சைப் பற்றியும் சொல்ல வேண்டும். அது என் தொழில். கலைந்த கூட்டைச் சீராக்க நான் வீட்டிலிருந்த பஞ்சைத் திணித்தேன். ஐந்தாம் நாள் ஒரு வெள்ளைக்குட்டியின் பின்னங்கால் வீங்கிக் கறுத்திருப்பதை மனையாள் கண்டாள். பஞ்சின் இழை முறுகிக் காலைச் சுற்றி இறுகிவிட்டது. நூற்பு இயந்திரத்தில் உருளையைச் சுற்றிய பஞ்சு எத்துணை இரும்பாய் இறுகும் என்பதை இருபது வயது முதல் கண்டவன் நான். நூல் சுற்றி விரல் கறுத்த தோழரைக் கையைப் பிடித்து அழைத்துப் போயிருக்கின்றேன். இருந்தும் முயற்கூட்டில் பஞ்சை வைத்தேன்! தாயின் மயிரும் உலர்ந்த புல்லுமே கூட்டுக்கு உரியவை. நூலோ, பஞ்சோ, பிரிந்த துணியோ ஆகாது.

வீட்டு முயல் குட்டியை வீட்டு முயலிடம் சேர்த்தல் வேறு விஷயம். அது பெரும்பாலும் கைகூடும். ஒரு தாய் இறந்தாலோ, அளவுக்கு மிஞ்சி ஈன்றாலோ, ஏறத்தாழ அதே வயதுள்ள குட்டிகளை, அதாவது இரண்டு மூன்று நாளுக்கு மேல் வேறுபாடில்லாதவற்றை, மற்றொரு தாயின் கூட்டில் வைக்கலாம். தாய் கூட்டைவிட்டு வெளியே இருக்கும் சமயம் பார்த்து, அதன் மயிருக்குள் குட்டிகளைப் புதைத்துக் கலந்து, சில மணி நேரம் வாடை ஒன்றாகும்படி விட வேண்டும். தாய்க்கு முலைக்காம்பு எட்டு முதல் பத்து வரையே உண்டு; அந்தக் கணக்கை மீறலாகாது. அதுவும் காட்டு முயலைப்போலவே நாளுக்கு ஒரு முறை, மூன்று நான்கு நிமிடமே பாலூட்டும். 'எப்போது பார்த்தாலும் தாய் கூட்டில் இல்லையே' என்று அதைப் பிடித்துக் கூட்டில் அமுக்குவோர் உண்டு; வேண்டாம். காலையில் குட்டிகளின் வயிறு உருண்டையாய் இருந்தால் பால் கிடைத்தது. தோல் சுருங்கி இருந்தால் கிடைக்கவில்லை. தமிழ்நாட்டில் கொடைக்கானல் மலையிலுள்ள மன்னவனூரில், மத்திய செம்மறியாட்டு ஆராய்ச்சி நிலையத்தின் தென்மண்டலப் பிரிவு வீட்டு முயல் இனங்களை வளர்த்துவருகின்றது. முயலைத் தொழிலாகக் கொள்ள விரும்பும் நம்மவர் அங்கே கேட்டறியலாம்.

காட்டுக்குட்டியையும் வீட்டுக்குட்டியையும் ஒரே பெட்டியில் வைத்தலாகாது என்பதற்கு நோயும் ஒரு காரணம். குடலைத் தாக்கும் நுண்ணுயிர் நோய்கள் கூண்டு முயலிடம் சாதாரணம்; அவை எச்சத்தின் வழியே பரவும். காட்டுக்குட்டியின் உண்ணியும் பேனும் வீட்டு முயலுக்கு வரும். இரண்டையும் ஒரே வேளையில் பராமரிக்க நேர்ந்தால் வேறு அறை, வேறு துணி, இடையிற் கைகழுவல், இவை வேண்டும். காட்டுக்குட்டிக்கு இருளும் அமைதியும் மருந்து. பிள்ளைகள் சூழ்ந்து நின்று தடவிக் கொடுப்பதை அது அன்பென்று அறியாது. அசையாமல் இருப்பது பழகிவிட்டதால் அன்று, அச்சத்தினால் உறைந்திருக்கின்றது. அவ்வச்சத்தினாலேயே இறந்தும் போகும்.

இவ்விடத்தில் விநயபிடகத்தின் மகாவக்கத்தில் உள்ள ஒன்றை நினைவூட்டுகின்றேன். கழிச்சல் நோயால் தன் மலத்திலேயே கிடந்த பிக்கு ஒருவரை, பகவான் ஆனந்தருடன் சென்று தம் கையால் நீராட்டிப் படுக்க வைத்த கதை நம் கூட்டங்களில் பலமுறை சொல்லப்பட்டது. அதனை அடுத்து, பணிவிடை செய்யத் தகுந்தவனுக்கு ஐந்து குணங்கள் கூறப்படுகின்றன. பலர் கதையோடு நின்றுவிடுகின்றனர். நானும் பல்லாண்டு நின்றுவிட்டேன். அக்குணங்கள் யாவை? மருந்தைச் சித்தப்படுத்த வல்லவனாதல் முதலாவது. ஏற்றது எது, ஏலாதது எது என்று அறிந்து ஏலாததை நீக்கி ஏற்றதைக் கொடுத்தல் இரண்டாவது. ஆதாயம் கருதாமல் மைத்திரியோடு செய்தல் மூன்றாவது. மலத்தையும் சிறுநீரையும் வாந்தியையும் எச்சிலையும் அகற்ற அருவருக்காமை நான்காவது. தம்ம வார்த்தையால் மனத்தைத் தேற்றுதல் ஐந்தாவது.

மைத்திரி எத்தனையாவது இடத்தில் வைக்கப்பட்டிருக்கின்றது, பாருங்கள். ஏற்றது ஏலாதது அறிதலுக்குப் பின்னே வைக்கப்பட்டிருக்கின்றது. நான் மூன்றாவதை மட்டும் கையில் வைத்துக்கொண்டு பெட்டியைத் திறந்தேன். நான்காவதை என் மனையாள் செய்தாள். ஐந்தாவதை முயலுக்குச் செய்ய இயலாது. ஆயினும் நான் அதைத்தான் முதலிற் செய்தேன் என்று அவள் இன்றும் சிரிப்பதுண்டு.

அறிந்து வளர்த்தவர்களும் உலகில் உண்டு. ஆங்கிலக் கவிஞர் வில்லியம் கூப்பர் 1774 ஆம் ஆண்டில், மனச்சோர்வால் வாடியிருந்த காலத்தில், மூன்று காட்டு முயற்குட்டிகளை வளர்த்தார். 1784 இல் ஒரு மாத இதழில் அவற்றைப் பற்றி எழுதினார். ஒன்று நோயுற்றபோது அவர் செய்த பணிவிடையால் அவரிடம் மிக நெருங்கியது. மற்றொன்று அதே வீட்டில், அதே கையால் உண்டு, ஒன்பது ஆண்டளவு வாழ்ந்தும் கடைசி வரை காட்டு விலங்காகவே இருந்தது. சோலி டால்டன் என்ற ஆங்கிலப் பெண்மணி, கொரோனாக் காலத்தில் தாமெடுத்த குட்டியைக் கூண்டிலடைக்காமல் வளர்த்த வரலாற்றை 2024 இல் நூலாக வெளியிட்டார். அம்முயல் வளர்ந்து விருப்பம்போல் வெளியே சென்று வந்தது. அவர்கள் நாட்டுச் சட்டம் வேறு, நம் நாட்டுச் சட்டம் வேறு என்பதை மறத்தலாகாது.

இங்கே 1972 ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி காட்டு முயல் காக்கப்பட்ட பிராணி. பிடித்தலும் வளர்த்தலும் விற்றலும் குற்றம். நம் சொந்த ஊர்ப் பக்கத்தில் பொங்கலை ஒட்டி முயல் வேட்டைக்குப் போவது பழைய வழக்கம். வனத்துறையினர் பிடித்து அபராதம் விதிக்கின்ற செய்தி இப்போது ஆண்டுதோறும் வருகின்றது. ஊருக்குச் செல்லும் இளைஞர்கள் அறிந்துகொள்ளட்டும். வேட்டையில் தாய் மாண்டால் புல்லிற் கிடக்கும் குட்டியை யாரும் எண்ணுவதில்லை. பாலூட்டும் ஆடு, பன்றி முதலியவற்றையும் ஆறு மாதம் நிரம்பாத அவற்றின் குட்டிகளையும் கொல்லலாகாது என்று அசோகர் தூணில் பொறித்தார். மனிதருக்கும் பிராணிகளுக்கும் சிகிச்சைக்கு ஏற்பாடு செய்ததாகப் பாறையில் பொறித்த அவர், சோழ பாண்டிய நாடுகளையும் அதில் குறிப்பிடுகின்றார். அவருடைய சாசனத் துண்டுகள் நம் பம்பாய்க்கு வடக்கேயுள்ள சோபாராவிலும் கிடைத்துள்ளன. பரேலில், நம்மவர் வேலை பார்த்த ஆலைகளுக்கு நடுவே, ஆலை முதலாளியாகிய தின்ஷா பெட்டிட் தம் மனைவி சக்கர்பாயின் பெயரால் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே நிறுவிய பிராணிகள் மருத்துவமனையும் இருக்கின்றது. அதன் வாசலை ஆயிரம் முறை கடந்திருப்பேன். உள்ளே எதற்கு என்று எண்ணியதில்லை.

எப்போது குட்டியை எடுக்கலாம்? தாய் இறந்து கிடப்பதைக் கண்ணாற் கண்டால், நாயோ பூனையோ கவ்விய காயம் இருந்தால், ஈ மொய்த்தால், உடம்பு குளிர்ந்து தோல் சுருங்கியிருந்தால், ஓரிரவு விட்டும் வயிறு ஒட்டியே கிடந்தால். அப்போதும் வளர்ப்பதற்காக அன்று, ஒப்படைப்பதற்காகவே எடுக்க வேண்டும். காற்றுத் துளையிட்ட அட்டைப் பெட்டியில் புல்லிட்டு, மூடி, வெப்பம் கொடுத்து, வனத்துறையின் 1926 என்ற எண்ணுக்குத் தொலைபேசியிற் சொல்லுங்கள். பூனை கவ்விய குட்டி வெளிக்குக் காயமின்றித் தோன்றினாலும் அதற்கு மருந்து வேண்டும்.

என்னிடம் எஞ்சிய அக்குட்டியை மருத்துவர் சொற்படி வனத்துறையாரிடம் ஒப்படைத்தேன். சட்டப்படி என்னைக் கேட்கவேண்டியதைக் கேட்டார்கள், உண்மையைச் சொன்னேன். ஒரு மாதம் சென்றபின் விசாரித்தேன். அது பிழைத்து, புல் தின்னத் தொடங்கி, காட்டினுள்ளே விடப்பட்டது என்றார் அங்கிருந்த ஒரு காவலர். நூறு சதுரக் கிலோமீட்டருக்குச் சற்று அதிகமான காடு அது. அதன் நடுவில் கன்ஹேரிக் குகைகள் இருக்கின்றன. அங்கே முற்காலத்துப் பிக்குகள் மழைக்காலத்தைக் கழித்தனர். நான் குகைகளைக் காணச் செல்லும்போதெல்லாம் வழியிலுள்ள புல்லைப் பார்ப்பது வழக்கமாகிவிட்டது. இதுவரை ஒரு முயலும் கண்ணிற் படவில்லை.

பௌர்ணமியன்று கேட்ட உபாசிகையைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். அவர் அன்று மாலையே பிள்ளைகளுடன் சென்று, புல் அறுத்த இடத்துக்கு அருகே, அறுக்கப்படாத புல்லின் ஓரத்தில் குட்டியை வைத்தாராம். தூரத்தில் ஒரு பாறைமேல் இருந்து இருட்டும்வரை பார்த்தார்கள்; ஒன்றும் வரவில்லை. இளைய பெண் அழுதிருக்கின்றாள். விடியற்காலையில் மூத்தவன் மட்டும் சென்று பார்த்துவிட்டு, நேரே என் வீட்டிற்கு வந்தான். குட்டி அங்கேயே, ஒரு முழம் தள்ளிக் கிடந்ததாம். "தொட்டுப் பார்த்தாயா?" என்று கேட்டேன். "இல்லை தாத்தா, வயிறு மட்டும் உருண்டையாக இருந்தது" என்றான்.